பீம் வரைக்கும்

கண்ணுக்குத் தெரியாத ஒன்று சௌக்கியமாக இருக்கிறதா என்று நாள் முழுவதும் விசாரித்துக்கொண்டிருப்பதுதான் என் தொழில். வட ஐரோப்பாவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றி வளைக்கும் அளவுக்கு உலோகக் குழாய் வளையம் ஒன்று இருக்கிறது. காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்த அந்தக் குழாய்க்குள் அயனிகள், அதாவது மின்னேற்றம் பெற்ற அணுக்கள், கூட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தக் கூட்டத்துக்கு பீம் என்று பெயர். வளையத்துக்கு ஸ்டோரேஜ் ரிங். சந்தைக் கூட்டம்போல முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டு ஓடுகிற அயனிகளை நிதானப்படுத்துவதற்காக, அவற்றோடு கொஞ்ச தூரம் எலக்ட்ரான்களையும் ஓடவிடுவோம். இது எலக்ட்ரான் குளிர்விப்பு; அதைச் செய்யும் கருவிக்கு கூலர் என்று பெயர். கூட்டம் நிதானப்பட்டதா, இன்னும் தள்ளாடுகிறதா என்று அளந்து சொல்வது என் வேலை.

நான் மூணாறுக்கு மேலே சூரியநெல்லிப் பக்கம் ஓர் எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவள். அம்மா அங்கே கொழுந்து பறிப்பவர். ஓய்வு பெற்றால் லயத்து வீட்டை ஒப்படைத்துவிட வேண்டும். அம்மாவின் முழங்காலுக்குச் சமவெளி வேண்டும், வாய்க்குத் தமிழ் வேண்டும், கேரள ரேஷன் கார்டும் மாறக் கூடாது. இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்ததில் பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறை வந்தது. அங்கே கொஞ்சம் இடம் வாங்கி, பக்கத்தில் வாடகைக்கு இருந்துகொண்டு, வீடு கட்டத் தொடங்கினேன். ஆய்வுக்கூட வேலையை இணையத்தின் வழியாகச் செய்துகொள்ள அனுமதி கிடைத்திருந்தது. வளையம் ஓடும்வரை என் ஒப்பந்தம் ஓடும். ஒப்பந்தம் ஓடும்வரை வீட்டு வேலை ஓடும். அம்மா ஓய்வு பெறுவதற்குள் கூரை போட்டுவிட வேண்டும் என்பது கணக்கு.

செய்கிற தொழிலைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் விளக்கிச் சொல்ல முடியாமல் காலம் தள்ளுகிறவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். இது உங்களுக்காக எழுதியது. ஆறுதல் எதுவும் இருக்காது.

டாக்டர்

அஸ்திவாரம் தோண்டும்போதே மேஸ்திரி வேலுச்சாமி என் உத்தியோகம் என்னவென்று கேட்டார். சுருக்கமாகச் சொல்லித் தப்பிக்க நினைத்து, பீமில் கோளாறு இருந்தால் கண்டுபிடிக்கிற வேலை என்றேன். தொழிலைச் சுருக்கிச் சொல்வது எவ்வளவு ஆபத்து என்பது உங்களுக்குத் தெரியும். அவர் முகம் மலர்ந்தது. மறுநாள் காலையில் தன் மச்சினர் வீட்டுக்கு என்னை அழைத்துப் போனார். போர்ட்டிகோவுக்கு மேலே போகும் காங்கிரீட் பீமில் ஒரு விரிசல். வீட்டுக்காரர்கள் இளநீர் வெட்டி வைத்திருந்தார்கள். எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நான் சொன்னதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். வேறு வழியில்லாமல் நானும் அண்ணாந்து விரிசலைப் பார்த்தேன். விரிசல், விரிசலாகவே இருந்தது.

வெளியே வந்ததும் வேலுச்சாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் பீமில் கம்பி கிடையாது, சிமெண்ட் கிடையாது, அது ஒரு குழாய்க்குள் ஓடுகிறது, அதைக் கட்டியவர்களாலும் கண்ணால் பார்க்க முடியாது. அவர் வண்டிச் சாவியைக் கையில் எடுத்தார். பிறகு சொன்னார்:

"கண்ணுக்குத் தெரியாத பீமுக்கு டாக்டரு வெச்சுப் பாக்கறாங்க. கண்ணுக்குத் தெரியற பீமு உளுகப் பாக்குது, கேக்க ஒரு நாதியில்லீங்க அம்மிணி."

ரிங்

கிணற்றுக்கு உறை இறக்குவதை இந்தப் பக்கத்தில் ரிங் இறக்குவது என்பார்கள். என் மனைக்கு இரண்டு வீடு தள்ளி காங்கிரீட் ரிங் வார்த்து விற்கும் ஒருவர் இருந்தார். நான் ஸ்டோரேஜ் ரிங்கில் வேலை பார்ப்பவள் என்று வேலுச்சாமி அவரிடம் சொல்லிவிட்டார். தொழிலாளி தொழிலாளியைப் பார்க்க வருவதுபோல ஒரு மதியம் வந்தார். வளையத்தின் குறுக்களவு கேட்டார், சொன்னேன், மலைத்துப்போனார். எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று கேட்டார். தண்ணீர் இல்லை, காற்றுகூட இல்லை, உள்ளே இருப்பதை எல்லாம் உறிஞ்சி வெளியேற்றிவிட்டுத்தான் வேலையே தொடங்கும் என்றேன். அவர் தன் முற்றத்தில் அடுக்கி வைத்திருந்த ரிங்குகளைத் திரும்பிப் பார்த்தார். அந்த வருடம் மழை தவறியிருந்தது. யாரும் வந்து வாங்கிப்போகவில்லை.

"அப்ப நம்மூர்க் கெணறாட்டத்தானுங்க" என்றார்.

கூலர்

அடுத்து ஒரு தொலைபேசி அழைப்பு, பால் சொசைட்டியிலிருந்து. செயலாளர் பதற்றமாக இருந்தார். பாலைக் குளிரவைக்கும் தொட்டி நின்றுவிட்டது. மெக்கானிக் பாலக்காட்டிலிருந்து வர வேண்டும், டேங்கர் வர நேரமாகும். கொழிஞ்சாம்பாறையில் கூலர் தெரிந்த ஆள் ஒருத்தி இருப்பதாக அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். யார் சொல்லியிருப்பார்கள் என்று நான் கேட்கவில்லை.

போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு சூடு இறங்க வேண்டும், இறங்கவில்லை என்று யாராவது சொன்னால் என் கால் தானாக எழுந்துவிடுகிறது. இத்தனை வருடத்துப் பழக்கம். போய்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். கேனோடு வந்த பெண்கள் வரிசை கலையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொட்டியின் வெப்பமானி ஏறிக்கொண்டிருந்தது. அதை வாசிக்க மட்டும் எனக்குத் தெரிந்தது. எங்கள் குளிர்விப்பில் ஐஸ் கிடையாது, கம்ப்ரஸர் கிடையாது, எல்லோரையும் ஒரே வேகத்தில் ஓடவைப்பதற்குத்தான் அந்தப் பெயர் என்று செயலாளரிடம் சொன்னேன். அவர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு மூடினார். அன்றைக்குப் பால் முழுவதும் திரிந்துபோனது.

"சூடு எறக்கற வேலைங்கறீங்க, பாலுக்கு எறக்கத் தெரியாதுங்கறீங்க. பாலு என்னங்க அப்பிடிப் பாவம் பண்ணிப்போட்டுது?" என்றார் செயலாளர்.

சூடு எங்கே போகிறது

அம்மாவைப் பார்க்கச் சூரியநெல்லி போயிருந்தேன். மூணாறிலிருந்து மேலே ஏற ஏற அலைபேசியில் சிக்னல் ஒவ்வொரு கோடாக உதிர்ந்துவிடும். அங்கே இருக்கும் நாட்களில் வளையத்தைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. அதனால்தானோ என்னவோ அங்கே போனால் தூக்கம் வரும். அம்மா அடுப்படியில் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே முதல்முறையாக என் வேலையைப் பற்றிக் கேட்டார். வீட்டுக் கூரை எதை நம்பி நிற்கப் போகிறது என்று தெரிந்துகொள்ள நினைத்திருக்கலாம்.

அயனிகள் சுற்றிச் சுற்றி வரும், ஒன்றை ஒன்று முட்டும், அந்த முட்டலைத்தான் சூடு என்கிறோம் என்றேன். எலக்ட்ரான்கள் நிதானமாக, வரிசை குலையாமல் பக்கத்தில் ஓடும், முட்டலைத் தங்கள் மேல் வாங்கிக்கொள்ளும், அயனிகள் அடங்கிவிடும். அம்மா கேட்டார், சூட்டை வாங்கிக்கொண்டவை என்ன ஆகும்? வளைவு வந்ததும் பிரித்து வெளியே எடுத்துவிடுவோம் என்றேன். அந்த இடத்துக்கு? புதிது வரும். அயனிகள்? அவை இருக்கும். அம்மா எண்ணெய்க் கிண்ணத்தை நகர்த்தி வைத்தார். எஸ்டேட்டில் பெயர் பதிந்த நிரந்தர ஆட்கள் உண்டு, சீசனுக்கு மட்டும் எடுக்கும் டெம்பரவரி ஆட்கள் உண்டு. செங்குத்தான காட்டுக்கும் நிழலில்லாத சரிவுக்கும் அனுப்புவது இவர்களைத்தான்.

"சூட்ட வாங்கவே எடுத்து, வாங்குனதும் வெளிய அனுப்பினா அது டெம்பரவரி ஆளுல்லா, ஏட்டி" என்றார்.

எந்த பீம்

மேல் பீமுக்கு காங்கிரீட் போட வேண்டிய நாள். பலகை அடித்து, கம்பி கட்டி, எல்லாம் தயார். மிக்சர் வண்டி வர மதியத்துக்கு மேல் ஆகிவிட்டது. வாடகை வீட்டைவிட மனையில் சிக்னல் நன்றாக இருக்கும் என்பதால் நானும் வேப்பமரத்தடியில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தேன். ஆய்வுக்கூடத்தில் அப்போதுதான் காலை. கட்டுப்பாட்டு அறையில் டேவிட் இருந்தான். நாகர்கோயில்காரன். எங்கள் குழுவில் என்னோடு தமிழ் பேச இருந்த ஒரே ஆள். வளையத்தை வைத்துக்கொள்வதா மூடிவிடுவதா என்று முடிவு செய்ய ஒரு குழு வரவிருந்தது. அதற்கான ஒத்திகை நடந்துகொண்டிருந்தது.

பீம் குளிர்ந்தால் என் திரையில் பரந்த மேடுபோல இருக்கும் கோடு ஒடுங்கி ஒடுங்கி ஊசிபோல ஆகும். அன்று ஊசி ஆகிவிட்டுத் திரும்பவும் மேடாகிக்கொண்டிருந்தது. எலக்ட்ரான்களுக்கு வேகம் கொடுக்கும் மின்னழுத்தம் எங்கேயோ சரிகிறது. வேகம் ஒத்துப்போகாவிட்டால் குளிர்விக்க வந்ததே குலைக்கத் தொடங்கும். காதில் ஹெட்ஃபோனோடு, எரிச்சலோடு, கொஞ்சம் சத்தமாகவே டேவிட்டிடம் சொன்னேன்: பீம் சரியில்லை, இதை வைத்துக்கொண்டு ஒன்றும் பண்ண முடியாது, எடுத்துருங்க, இன்னொரு நாள் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். பேசும்போது நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எனக்கு நினைவில்லை. சாரத்தின் மேல் நின்றவர்களைத்தான் பார்த்தேன் என்கிறார்கள்.

மின்னழுத்தத்தைச் சரிசெய்து முடித்து ஹெட்ஃபோனைக் கழற்றியபோது பக்கப் பலகைகள் தரையில் அடுக்கப்பட்டிருந்தன. மிக்சர் வண்டி கிளம்பிப் போயிருந்தது. ஆட்கள் கை கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். பொள்ளாச்சி ரோட்டில் ஒரு கல்யாண மண்டப வேலையை வேலுச்சாமி ஒத்துக்கொண்டிருந்தார். மறுநாள் அங்கே போனால் அதை முடித்துவிட்டுத்தான் திரும்ப முடியும். என் பீம் ஒரு குழாய்க்குள் ஓடுகிறது என்று உங்களிடம் சொல்லியிருக்கிறேனே என்றேன். அவருக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. இருந்தாலும் நியாயம் அவர் பக்கம் இருந்தது.

"எந்த பீமுன்னு நீங்க சொல்லுலீங்களே அம்மிணி."

தகடு

முடிவெடுக்கும் குழு வளையத்துக்கு வந்த அன்று நான் வாடகை வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு திரை முன்னால் உட்கார்ந்திருந்தேன். மேடு ஊசியானது. நன்றாகவே ஆனது. குழுவில் ஒருவர், இதெல்லாம் மறைமுகமான சாட்சி, நேரடியாக அளந்து காட்டுங்கள் என்றார். நேரடி அளவு என்றால் ஒரு தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக பீமை நோக்கி நகர்த்த வேண்டும். தகடு எந்த இடத்தில் அயனிகளைச் சாகடிக்கத் தொடங்குகிறதோ அதுதான் பீமின் விளிம்பு. தடிமனைத் தெரிந்துகொள்ளலாம், பீம் மிஞ்சாது. உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே கழுத்தை நெரிப்பது மாதிரி. எங்கள் தொழிலில் இது அங்கீகரிக்கப்பட்ட முறை.

தகடு நகர்ந்தது. ஒன்றும் குறையவில்லை. இன்னும் நகர்ந்தது. ஏறக்குறைய நடுவுக்கே வந்த பிறகுதான் பீம் சட்டென்று இல்லாமல்போனது. நாங்கள் சொன்னதைவிட அது மெலிதாக இருந்திருக்கிறது. அங்கே கைதட்டினார்கள். இங்கே நானும் தனியாகத் தட்டினேன். அடுத்த வாரம் முடிவு வந்தது. இவ்வளவு கனமான அயனிகளை இந்த வளையத்தில் குளிரவைக்க முடியுமா என்பதுதான் வளையத்தைக் கட்டும்போதே இருந்த கேள்வி. முடியும் என்று பதில் கிடைத்துவிட்டது. ஆகவே வளையம் இனி தேவையில்லை, அந்த இடம் வேறொரு கருவிக்கு வேண்டும். செய்தியைச் சொன்ன எங்கள் குழுத் தலைவி என்னைவிட மூத்தவர். அந்த வளையத்தை வரைபடத்திலிருந்து வளர்த்தவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்:

"தோற்றிருந்தால் இன்னொரு முறை முயன்று பாருங்கள் என்று சொல்லியிருப்பார்கள்."

கடைசி பீம்

கடைசி நாளில் பீமை ஒரு பொத்தானில் கொன்றுவிடுவது வழக்கம். டேவிட் கொல்லவில்லை. குளிர்விப்பை ஓடவிட்டு, தானாகத் தீரும்வரை அப்படியே விட்டுவிட்டான். காற்றை எவ்வளவு உறிஞ்சினாலும் மிச்சம் கொஞ்சம் இருக்கும். அதில் மோதி அயனிகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஊசியின் உயரம் குறைந்தது, அகலம் மட்டும் மாறவில்லை. எண்ணிக்கை குறையக் குறையக் கூட்டம் இன்னும் ஒழுங்காக ஓடியது. முட்டிக்கொள்ள ஆள் இல்லை. மதியம் தொடங்கி இங்கே வெயில் சாயும்வரை இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கோடு எது, திரையின் இரைச்சல் எது என்று பிரிக்க முடியாத நிலை வந்தபோது அவன் ஹெட்ஃபோனில் சொன்னான்:

"எக்கா, நீங்க ஃபோன வச்சிருங்க. மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்."

லயம்

மண்டப வேலை முடிந்து வேலுச்சாமி ஆட்களோடு திரும்பினார். இப்போதைக்கு வேண்டாம் என்று அவரிடம் சொன்னேன். தூண்களுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த கம்பிகள் துருப்பிடிக்காமலிருக்கச் சிமெண்டுப் பால் பூசிவிட்டுப் போனார். இந்தப் பகுதியில் அப்படி நிற்கும் வீடுகள் நிறைய. யாருடையது என்று கேட்டால் பேரைச் சொல்லி, பீம் வரைக்கும் வந்து நின்றுவிட்டது என்பார்கள். அதற்கு மேல் யாரும் விசாரிக்க மாட்டார்கள்.

அம்மா அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார். வீட்டை ஒப்படைக்கச் சொல்லியிருந்த நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அலைபேசியில் சொல்லக்கூடிய செய்தி இல்லை என்பதால் நேரில் போனேன். வழியெல்லாம் வாக்கியங்களைச் சேர்த்துக்கொண்டே போனேன்: வளையம் வேலை செய்தது, அதனால் மூடுகிறார்கள், அதனால் எனக்குச் சம்பளம் இல்லை, அதனால் கூரை இல்லை, அதனால். எப்படி அடுக்கினாலும் கடைசி வாக்கியம் வரவில்லை. உங்களுக்கு வந்திருக்குமா என்று தெரியவில்லை.

லயத்தில் கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் மலையைக் கை காட்டினாள். பொழுது இறங்கும் நேரத்துக்கு அம்மா வந்தார். இடுப்பில் பிளாஸ்டிக் படுதா கட்டியிருந்தார். முழங்காலில் துணி சுற்றியிருந்தது. கைவிரல்களில் கொழுந்துக் கறை. நிழலில்லாத சரிவில் போட்டிருக்கிறார்கள் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நான் சேர்த்துக்கொண்டு போன முதல் வாக்கியத்தைக்கூடச் சொல்லவில்லை. சில வாரங்களாக எஸ்டேட் ஆபீஸ் ஃபோனில் கேட்ட என் குரலை வைத்தே எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டாராம். படியில் உட்கார்ந்து கால்களை நீட்டிக்கொண்டார். பூட்டைத் திறக்கச் சாவியை என்னிடம் நீட்டினார்.

"டெம்பரவரில பேரு குடுத்துட்டேன். வேலைக்கு வாரவரைக்கும் லயத்துல இருந்துக்கிடலாம்னு சொல்லிட்டாக. நீ மெதுவாக் கட்டுட்டி."

எதையும் குளிரவைத்துவிடலாம், அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ள யாராவது வெயிலில் போய் நிற்கச் சம்மதித்தால்.